பிங் வந்தது... ஆனால் யாரிடமிருந்து?



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் நம் வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுதப் போய்விட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்கு வந்தது ஒரு தப்பு. அந்தத் தப்பையும் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தையும் எழுதுகிறேன். லினக்ஸ் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் இணைப்பது எப்படி என்பதுதான் பாடம். பிராக்டிகல் எக்ஸாமுக்கும் உதவும், நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலும் உதவும்.

ஒரு சின்ன விஷயம். இது மலரின் தமிழ்ப் பகுதி என்பதால் கமாண்டுகளை எல்லாம் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். அமைப்பை மாற்றுகிற கமாண்டுகளுக்கு முன்னால் 'சூடோ' சேர்க்க வேண்டும். ஏனென்றால் அந்த உரிமை ரூட் யூசருக்கு மட்டும்தான்.

அன்று லேபில் நடந்தது

அப்போது நான்காம் செமஸ்டர். லேபில் 30 சிஸ்டம், எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ். அன்றைய எக்ஸர்சைஸ், நெட்வொர்க் இன்டர்ஃபேஸை அமைத்தல். போர்டில் சார் எழுதிப் போட்டிருந்தார்: உங்கள் அட்ரஸ் 192.168.10 என்று தொடங்கி, கடைசி எண் உங்கள் சிஸ்டம் நம்பர். கேட்வே 192.168.10.1. கடைசியில் கேட்வேக்கு பிங் அடித்து, பதில் வந்தால் ரெக்கார்டு நோட்டில் டிக்.

நான் சீனியர் அக்கா ஒருத்தரின் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே எழுதி வைத்திருந்தேன். அர்த்தம் தெரியாது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான். புரியாததைக் கேட்க வீட்டில் ஆளும் இல்லை, லேபில் கேட்க வெட்கம். எந்த எண் எங்கே என்று குழம்பி, கேட்வேயின் எண்ணையே என் சிஸ்டத்துக்கு அட்ரஸாகக் கொடுத்துவிட்டேன்.

லினக்ஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எர்ரர் கிடையாது. கேட்வேக்கு பிங் அடித்தேன். பதில் டக் டக்கென்று வந்தது. சந்தோஷமாய் டிக் போட்டேன். லேபிலேயே முதலில் முடித்தது நான்தான்!

கொஞ்ச நேரத்தில் பின் வரிசையில் சத்தம். அங்கே மூன்றாம் வருஷ அண்ணன்கள் ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கடைசி நாள். "நெட் போயிருச்சு சார்!" ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வரல. சார் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். ஒவ்வொரு கேபிளாக அழுத்திப் பார்த்தார். போவதும் வருவதுமாகவே இருந்தது.

என் பக்கத்து சிஸ்டத்தில் என் தோழி. முந்தின வாரம் அவள் கால் பட்டு ஒரு கேபிள் கழன்றிருந்தது. "நீதான் மறுபடியும் எதையோ பண்ணி வச்சிருக்க, வெளிய போய் நில்லு" என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் நான் போர்டைப் பார்த்தேன். பிறகு என் ஸ்கிரீனைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண். வயிற்றைப் பிசைந்தது.

வாய் திறக்கவில்லை. சத்தமில்லாமல் சிஸ்டத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் நெட் வந்தது. "பாத்தீங்களா, அவ வெளிய போனதும் வந்திருச்சு" என்று யாரோ சொல்ல, லேபே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் சொல்லவும் இல்லை. மீதி இருந்த பீரியட் முழுக்க அவள் வெளியேதான் நின்றாள்.

அன்று என்ன நடந்தது என்று எனக்கு உண்மையிலேயே புரிய ஒரு வருஷம் ஆனது. புரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அட்ரஸ் கம்ப்யூட்டருக்கு இல்லை, இன்டர்ஃபேஸுக்கு!

நாம் எல்லோரும் "இந்தக் கம்ப்யூட்டரோட ஐபி என்ன?" என்று கேட்போம். சரியாகச் சொன்னால் அட்ரஸ் இன்டர்ஃபேஸுக்குத்தான். கேபிள் செருகுகிற கார்டு ஒரு இன்டர்ஃபேஸ். வைஃபை இன்னொன்று. லேப்டாப்பில் இரண்டும் ஓடினால் அட்ரஸும் இரண்டு.

'ஐபி லிங்க்' என்று அடியுங்கள். இருக்கிற இன்டர்ஃபேஸ்கள் வரிசையாக வரும். முதலில் 'எல்ஓ' என்று ஒன்று. அது லூப்பேக். அதற்கு கார்டும் கிடையாது, கேபிளும் கிடையாது. கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசிக்கொள்கிற வழி. அதன் அட்ரஸ் 127.0.0.1. இதை நினைவில் வையுங்கள், என் கதையில் வில்லன் இதுதான்.

அடுத்து 'ஈஎன்பி3எஸ்0' போல ஒரு பெயர். பார்த்ததும் பயப்பட வேண்டாம். 'ஈஎன்' என்றால் ஈதர்நெட். 'பி3' என்றால் மதர்போர்டில் பிசிஐ பஸ் எண் 3. 'எஸ்0' என்றால் ஸ்லாட் 0. முன்பு லினக்ஸில் ஈத்0, ஈத்1 என்றுதான் பெயர் வரும். இரண்டு கார்டு இருந்தால், பூட் ஆகும்போது எது முதலில் கண்ணில் படுகிறதோ அது ஈத்0. அடுத்த தடவை மாறிப்போகவும் வாய்ப்பு உண்டு. கார்டு இருக்கிற இடத்தை வைத்தே பெயர் கொடுக்கிற இந்த முறை 2013ல் சிஸ்டம்டி மூலம் வந்தது.

அந்த வரியில் 'நோ-கேரியர்' என்று இருந்தால் கேபிள் சரியாக மாட்டவில்லை, அல்லது அடுத்த முனையில் ஸ்விட்ச் ஓடவில்லை என்று அர்த்தம். முதலில் அதைப் பாருங்கள். கேபிள் இல்லாமல் எந்தக் கமாண்டு அடித்தும் பிரயோஜனம் இல்லை. இன்டர்ஃபேஸ் 'டவுன்' என்று இருந்தால் 'ஐபி லிங்க் செட் ஈஎன்பி3எஸ்0 அப்'.

சீனியர்களின் பழைய ரெக்கார்டுகளில் 'இஃப்கான்ஃபிக்' என்ற கமாண்டு இருக்கும். அது 1983ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் இன்றைக்கும் அதுதான். லினக்ஸில் அதன் இடத்தை 'ஐபி' பிடித்துவிட்டது. 2017ல் வந்த டெபியன் 9 முதல், புதிதாக இன்ஸ்டால் பண்ணும்போது இஃப்கான்ஃபிக் தானாக வருவதில்லை. "கமாண்டு நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் சிஸ்டம் கெட்டுப்போச்சு என்று நினைக்காதீர்கள்.

அப்பாவின் பார்சல் ஆபீஸ்

எங்க அப்பா ஒரு பார்சல் ஆபீசில் மூட்டை தூக்குகிறார். எழுத்துக் கூட்டி ஊர்ப் பெயர் மட்டும் வாசிப்பார். அது போதும் அவருக்கு. மூட்டை வந்ததும் ஊர்ப் பெயரைப் பார்ப்பார். உள்ளூர் என்றால் ஒரு பக்கம் அடுக்குவார், அது நேராக வீட்டுக்கோ கடைக்கோ போய்விடும். வெளியூர் என்றால், எந்த ஊராக இருந்தாலும் சரி, எல்லாம் லாரிப் பக்கம். அதற்கு மேல் வழி பார்ப்பது லாரிக்காரர் பாடு.

நெட்வொர்க்கில் நம் கம்ப்யூட்டர் செய்வதும் இதே வேலைதான். 192.168.10.25/24 என்ற அட்ரஸை எடுத்துக்கொள்வோம். நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 8 பிட், மொத்தம் 32 பிட். சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 24 என்ன சொல்கிறது? முதல் 24 பிட், அதாவது 192.168.10 வரை ஊர்ப் பெயர். மிச்சம் இருக்கும் 8 பிட் வீட்டு எண். பழைய முறையில் இதையே 255.255.255.0 என்று நெட்மாஸ்க்காக எழுதுவார்கள். 8 பிட்டில் 256 எண்கள் வரும். அதில் 0 நெட்வொர்க்கின் பெயருக்கு, 255 எல்லோரையும் ஒரே சமயத்தில் கூப்பிடும் பிராட்காஸ்ட்டுக்கு. மீதி 254 எண்கள்தான் சிஸ்டங்களுக்குக் கொடுக்கலாம்.

போக வேண்டிய அட்ரஸின் ஊர்ப் பெயரும் நம் ஊர்ப் பெயரும் ஒன்றானால் நேராக அனுப்பும். வேறு ஊர் என்றால் கேட்வேயிடம் கொடுத்துவிடும். கேட்வேதான் நம் லாரி.

அட்ரஸ் கொடுக்க: 'ஐபி அட்ரஸ் ஆட் 192.168.10.25/24 டெவ் ஈஎன்பி3எஸ்0'.
கேட்வே சொல்ல: 'ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.168.10.1'.

முதல் கமாண்டில் '/24' போட மறந்தால் லினக்ஸ் அதை /32 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, அந்த ஊரில் நாம் ஒருத்தர் மட்டும்தான்! பிறகு கேட்வே கொடுத்தால் ஏற்காது. கேட்வேயே வேறு ஊரில் இருப்பதாக அது நினைக்கும். லேபில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இது.

இன்னொன்று, டிஎன்எஸ். மனுஷனுக்குப் பெயர்தான் நினைவில் நிற்கும், நெட்வொர்க்குக்கு எண்தான் தெரியும். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்கிற சர்வர் எது என்பதை ஈடிசி டைரக்டரியில் உள்ள 'ரிசால்வ் டாட் கான்ஃப்' ஃபைலில் 'நேம்சர்வர்' என்று எழுத வேண்டும். உபுண்டு போன்றவற்றில் இந்த ஃபைலை சிஸ்டமே எழுதிக்கொள்ளும். அங்கே 127.0.0.53 என்று இருந்தால் கையால் மாற்றாதீர்கள், பலிக்காது.

ஆக, வேண்டியது நான்கே விஷயம்: இன்டர்ஃபேஸ் அப், அட்ரஸும் மாஸ்க்கும், கேட்வே, டிஎன்எஸ். வீட்டிலும் ஹாஸ்டலிலும் இதையெல்லாம் நாம் கொடுப்பதில்லையே என்று கேட்கலாம். அங்கே டிஹெச்சிபி என்ற சர்வீஸ் கேட்டவுடன் எல்லாவற்றையும் தானாகவே கொடுத்துவிடுகிறது. சர்வர், பிரிண்டர் போல எண் மாறக்கூடாத இடத்தில்தான் கையால் கொடுப்பார்கள்.

என் பிங்குக்குப் பதில் சொன்னது யார்?

இப்போது என் கதைக்கு வருவோம். நான் 192.168.10.1 என்பதை என் இன்டர்ஃபேஸுக்கே கொடுத்துவிட்டேன். பிறகு அதே எண்ணுக்கு பிங். கம்ப்யூட்டர் என்ன செய்யும்? "இது நானேதான்" என்று லூப்பேக் வழியாகத் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டது. பாக்கெட் கேபிளைத் தொடவே இல்லை. கேபிளைக் கழற்றி வைத்திருந்தாலும் பதில் வந்திருக்கும்! நேரத்தைப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். கேபிள் வழியாகப் போய் வருகிற பிங்கைவிட மிகக் குறைவாக, மில்லி செகண்டில் நூற்றில் சில பங்கு என்றே காட்டியிருக்கும்.

அது சரி, மற்றவர்களுக்கு ஏன் நெட் போனது? ஒரே ஊருக்குள் டெலிவரிக்கு ஐபி எண் மட்டும் போதாது. கார்டின் 48 பிட் மேக் அட்ரஸ் தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்கிற முறைக்குப் பெயர் ஆர்ப், 1982ல் வகுத்தது. "192.168.10.1 யாருப்பா?" என்று கம்ப்யூட்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தும். அந்த எண் உள்ளவர் "நான்தான், என் மேக் இது" என்று பதில் சொல்வார். கேட்டவர் அதைக் கொஞ்ச நேரத்துக்குக் குறித்து வைத்துக்கொள்வார்.

அன்றைக்குப் பதில் சொல்ல இரண்டு பேர். ஒன்று நிஜ கேட்வே, இன்னொன்று என் சிஸ்டம். ஆர்ப்பில் யார் நிஜம் என்று விசாரிக்கிற வழக்கமே கிடையாது. யாருடைய பதிலைக் குறித்துக்கொண்டார்களோ அங்கே பாக்கெட் போகும். என்னைக் குறித்தவர்களின் அப்ளிகேஷன் எல்லாம் என் சிஸ்டத்துக்கு வந்து, வெளியே போக வழி தெரியாமல் தொலைந்தது. அதனால்தான் ஒருத்தருக்கு வந்தது, ஒருத்தருக்கு வரவில்லை. ஸ்விட்ச்சில் எந்தக் கோளாறும் இல்லை. கேபிளிலும் இல்லை. வெளியே நின்றவளிடமும் இல்லை.

அட்ரஸ் கொடுக்கும் முன்னால் ஒரு நிமிஷம்

ஐபி வெர்ஷன் 6ல் அட்ரஸ் கொடுத்ததும், இதே எண் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று லினக்ஸ் தானே கேட்டுப் பார்க்கும். வெர்ஷன் 4ல் 'ஐபி அட்ரஸ் ஆட்' அப்படிக் கேட்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க்கில் ஏற்கெனவே இருக்கிற ஒரு சிஸ்டத்திலிருந்து, நாம் கொடுக்கப் போகிற எண்ணுக்கு பிங் அடியுங்கள். பதில் வந்தால் அந்த எண்ணுக்கு ஆள் இருக்கு, தொடாதீர்கள். பதில் வராவிட்டாலும் உடனே நம்பாதீர்கள். சில சிஸ்டங்களில் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். உடனே 'ஐபி நெய்பர்' என்று அடியுங்கள். அந்த எண்ணுக்கு எதிரே ஒரு மேக் அட்ரஸ் இருந்தால், பிங் வராவிட்டாலும் ஆள் இருக்கு. 'ஃபெயில்டு' என்று இருந்தால் இப்போதைக்கு யாரும் இல்லை.

பிரச்சினை வந்த பிறகு கண்டுபிடிக்கவும் இதே கமாண்டுதான். நெட் வராத சிஸ்டத்தில் கேட்வேயின் மேக் என்ன என்று பாருங்கள். நெட் வருகிற சிஸ்டத்திலும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு என்றால், யாரோ கேட்வேயின் எண்ணைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டே நிமிஷ வேலை.

சோதிக்கும்போது கீழிருந்து மேலே போங்கள். 127.0.0.1, பிறகு உங்கள் எண், பிறகு பக்கத்து சிஸ்டம், பிறகு கேட்வே, பிறகு வெளியே 8.8.8.8 போல ஒரு எண், கடைசியில் ஒரு பெயர். எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ். பக்கத்து சிஸ்டத்தை விட்டுவிடாதீர்கள். நான் அன்றைக்கு அதைச் செய்திருந்தால், அதோடு 'ஐபி நெய்பர்' பார்த்திருந்தால், கேட்வே என்று ஒருவர் எனக்கு வெளியே இல்லவே இல்லை என்று தெரிந்திருக்கும்.

ரீபூட் ஏன் காப்பாற்றியது?

'ஐபி' கமாண்டால் செய்வதெல்லாம் மெமரியில்தான். சிஸ்டம் அணைந்தால் போச்சு. அதனால்தான் என் தப்பு தடயம் இல்லாமல் அழிந்தது. நிலையாக வேண்டும் என்றால் ஃபைலில் எழுத வேண்டும். டெபியனில் ஈடிசிக்குள் நெட்வொர்க் டைரக்டரியில் 'இன்டர்ஃபேசஸ்' என்ற ஃபைல். அதில் நான்கு வரி:

ஆட்டோ ஈஎன்பி3எஸ்0
ஐஃபேஸ் ஈஎன்பி3எஸ்0 ஐநெட் ஸ்டேட்டிக்
அட்ரஸ் 192.168.10.25/24
கேட்வே 192.168.10.1

உபுண்டுவில் 2017 முதல் நெட்பிளான். அதன் ஃபைல் யாம்ல் முறையில் இருக்கும். வரி உள்தள்ள ஸ்பேஸ் மட்டும்தான், டேப் அடித்தால் எர்ரர். ரெட்ஹாட் குடும்பத்தில் நெட்வொர்க்மேனேஜர், அதற்கு 'என்எம்சிஎல்ஐ' கமாண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் ஈடிசிக்குள் 'ஆர்சி டாட் கான்ஃப்'. ஃபைல்தான் வேறு, உள்ளே எழுதுகிற நான்கு விஷயமும் ஒன்றேதான்.

மாற்றும் முன்னால் பழைய ஃபைலுக்கு ஒரு காப்பி எடுங்கள். தூரத்தில் இருக்கிற சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து மாற்றுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். எந்த இன்டர்ஃபேஸ் வழியாக உள்ளே வந்தீர்களோ அதையே 'டவுன்' பண்ணினால், உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்டின கதைதான். நெட்பிளானில் 'நெட்பிளான் ட்ரை' என்று கொடுத்தால், 120 செகண்டுக்குள் நீங்கள் என்டர் தட்டவில்லை என்றால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

பாக்கி இருந்த ஒரு விஷயம்

இதெல்லாம் இந்த வருஷம்தான் புரிந்தது. புரிந்த அன்றைக்கு ராத்திரி வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெட்வொர்க் அவருக்குப் புரியாது என்று நினைத்து, ஒரே அட்ரஸில் இரண்டு கடை இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அட்ரஸ் தப்பா எழுதினவன் அவன் ஊர்ல நிம்மதியா இருப்பான். திட்டு வாங்குறது மூட்டை தூக்குறவன்தான்மா."

மறுநாள் என் தோழியிடம் போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்கல்ல, நீ மட்டும் சிரிக்கல. ஏன்னு அப்பவே யோசிச்சேன்" என்றாள். "சார்கிட்டயும் சொல்லு" என்றாள். சொன்னேன். சார் திட்டவில்லை. அவளைக் கூப்பிட்டு, "நான் கேபிளைப் பார்த்தேம்மா, ஆர்ப் டேபிளைப் பார்க்கல" என்றார். ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனை அன்று சாயந்திரம் வெளியே பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துப் போட்ட அண்ணன்கள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். அவர்களிடம் சொல்ல முடியவில்லை. இந்த மலர் யார் கையிலாவது கிடைத்தால் படிக்கட்டும்.

ஜூனியர் தம்பி தங்கைகளே, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரெக்கார்டைக் காப்பி அடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணும் யாருடையது என்று தெரிந்துகொண்டு அடியுங்கள். தெரியவில்லை என்றால் கேளுங்கள். கேட்டால் ஒரு நிமிஷம்தான் வெட்கம். பிங்குக்குப் பதில் வந்ததும் டிக் போடாதீர்கள். பதில் சொன்னது யார் என்று பாருங்கள்.



இறுதியாண்டு மாணவி,
கணினிப் பொறியியல் துறை